மட்டக்களப்புக் கல்லடிக் கடலில் காற்றுப் பார்த்தல்

ஏப்ரல் 12

வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது, தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று இன்னும் வரவில்லை. பாய்த்தோணியில் காற்றுப் பழக இதைவிட நல்ல காலம் இல்லை. விடியலில் கரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று. வெயில் ஏறி நிலம் சுட்டதும் அதன்மேல் உள்ள காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடற்காற்று வரும். பின்னேரம் மேற்கே இடிமுகில் கட்டினால் மட்டும் எதையும் நம்பக்கூடாது. பாயைச் சுருட்டிவிட வேண்டியதுதான்.

மே 29

கச்சான் தொடங்கிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு கிழக்குக் கரையான நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று 100 மீற்றருக்கு ஏறத்தாழ 1 பாகை சூடாகும். அதுதான் இந்த அனல்.

கரையோரக் கடல் தட்டையாகக் கிடக்கிறது. எனக்குப் பயமே இந்தத் தட்டைக் கடல்தான். காற்று நிலத்திலிருந்து வெளியே வீசுவதால் கரையருகே அலை எழும்ப இடமில்லை. தூரம் போகப் போகத்தான் வளரும். போவது சுகம். திரும்ப வேண்டுமென்றால் காற்றுக்கு எதிராக வலமும் இடமுமாக வெட்டி வெட்டித்தான் வரவேண்டும். பாசிக்குடாக் கடற்கரையில் காற்றடைத்த மிதவைகளில் பிள்ளைகளை விடுகிறவர்கள், தயவுசெய்து, கச்சான் நாளில் விடாதீர்கள்.

யூன் 7

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த மாமா சொன்னார்: "கரையப் பாராத மனே, வெளியால தண்ணி கறுக்குதா எண்டு பார்."

பார்த்தேன். மத்தியானம் வரை கச்சான். பிறகு பாய் தொங்கிப்போனது, ஒரு மூச்சுக் காற்றில்லை. கிழக்கே தண்ணீரில் ஒரு கறுப்புக் கோடு. அது கடற்காற்றின் முன்விளிம்பு. சிற்றலை எழும்பிய தண்ணீர் தூரத்தில் கறுத்துத் தெரியும். கோடு வந்து சேர்ந்ததும் உடம்பு குளிர்ந்தது, பாய் மறுபக்கம் போய் அடித்தது. அந்த நேரம் தலையைக் குனிந்திருக்க வேண்டும். கச்சான் பலத்த நாட்களில் இந்தக் கோடு கரையை எட்டாமலே நின்றுவிடும்.

யூன் 21

வானிலை அறிக்கையில் மணிக்கு 40 கிலோமீற்றர் என்றால் அது 21 நொட்டுக்கு (மணிக்கு 21 கடல்மைலுக்கு) மேல். என் சின்னத் தோணிக்கு அது அதிகம். அப்படியான நாளில் மட்டக்களப்பு வாவி என்ற கடலேரிக்குள் மட்டும்தான். அங்கேயும் மேற்குக் கரை மரங்களின் மறைவில் காற்றுச் செத்துக் கிடக்கும், மறைவு விட்டதும் சடாரென்று அடிக்கும். சரி, பாயின் கயிற்றைக் கட்டிவைக்காமல் கையிலேயே பிடித்திருந்தால் போதும்; அடித்தவுடன் தளர்த்தலாம். துடுப்பும் நங்கூரமும் எப்போதும் தோணியில் இருக்கும்.