பனிச்சுவரில் ஒரு நீலப்பூ

நேற்று கொடைக்கானலில் ஒரே மூடுபனி, கரண்டும் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையின் 2-ஆம் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். கதையில் நெட் ஸ்டார்க் பிரபு தன் மகன் என்று வளர்த்த ஜானின் அம்மா யார் என்பதுதான் எங்கள் புதிர். நாடிழந்த இளவரசி டெனேரிஸ் காணும் மாயக் காட்சிகளில், பனிச்சுவரின் விரிசலில் ஒரு நீலப்பூ. நெட்டின் தங்கை லியானாவுக்கு இளவரசன் ரேகார் கொடுத்ததும் நீல ரோஜா மகுடம்தான். ஜான் காவல் இருப்பதோ வடக்கெல்லைப் பனிச்சுவரில்! அவன் இவர்கள் பிள்ளை என்று நம்ப எனக்கு இந்தப் பூ போதும்.

தம்பி ஒப்பவில்லை. "ஆஷாரா டெய்ன் என்ற பிரபு வீட்டுப் பெண்தான் ஜானின் அம்மா. அவள் பேரை எடுத்தாலே நெட் கோபப்படுகிறாரே, அக்கா?"

கோபம் சரி. ஆனால் அவர் கனவில் வருவது சாகும் லியானா வாங்கிய சத்தியம்தானே?

5-ஆம் பாகம் 2011-இல் வந்தது. அப்புறம் 2018-இல் எங்கள் மலையில் குறிஞ்சியே பூத்துவிட்டது. 6-ஆவதற்கு இன்னும் காத்திருக்கிறோம்.