சரிபாதி வாக்குகள்: முதுநிலை நாட்குறிப்பிலிருந்து

செப்டம்பர் 9

முதல் செமினார். சர்வதேச நீதிமன்றச் சாசனத்தின் 38ஆவது உறுப்பைச் சொல்லச் சொன்னார் பேராசிரியர். நீதிமன்றம் சட்டத்தை எடுக்கும் மூலங்கள்: உடன்படிக்கை, வழக்காறு (நாடுகள் சட்டமென ஏற்று நடந்துவரும் வழக்கம்), பொதுக் கோட்பாடுகள், துணையாகத் தீர்ப்புகளும் அறிஞர் எழுத்தும். எல்லோருக்கும் மனப்பாடம்தான். "சரி, வழக்காறு ஒன்று இருக்கிறது என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்?" என்று அடுத்துக் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. லோட்டஸ் வழக்கைப் படித்துவிட்டு வரச் சொன்னார். சுருக்கம் கூடாது, தீர்ப்பை ஏற்காத நீதிபதிகளின் மாறுபட்ட கருத்துகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

செப்டம்பர் 14

1926 ஆகஸ்ட் 2. பிரெஞ்சுக் கப்பல் லோட்டஸும் துருக்கிக் கப்பல் ஒன்றும் நடுக்கடலில் மோதி, 8 துருக்கியர் இறந்தனர். லோட்டஸ் துருக்கித் துறைமுகத்துக்கு வந்ததும், மோதல் நேரத்தில் கப்பல் ஓட்டத்தைக் கவனிக்கும் பணியில் இருந்த பிரெஞ்சு அதிகாரியைத் துருக்கி கைதுசெய்து தண்டித்தது. அதற்கு அந்த நாட்டுக்கு அதிகாரம் உண்டா? மறு ஆண்டு நிரந்தர சர்வதேச நீதிமன்றத்தில் (இன்றைய சர்வதேச நீதிமன்றத்தின் முன்னோடி) வாக்குகள் 6-க்கு 6 எனப் பிரிந்தன. வாக்குகள் சமமானால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு; தலைவர் மாக்ஸ் ஹூபரின் அந்த வாக்கால் துருக்கி வென்றது.

ஆனால் 1958இன் பெருங்கடல் உடன்படிக்கை, கப்பல் மோதல் வழக்குகளில் இந்த விதியைத் திருப்பிப் போட்டது. 1982இன் கடற்சட்ட உடன்படிக்கையும் 97ஆவது உறுப்பில் அதையே சொல்கிறது: கப்பல் எந்த நாட்டுக் கொடியைத் தாங்கியதோ அந்த நாடோ, குற்றம் சாட்டப்பட்டவரின் சொந்த நாடோதான் வழக்குத் தொடுக்கலாம். அன்று தோற்ற வாதம்தான் இன்று சட்டமாக இருக்கிறது. பாடநூல்கள் இந்த மாற்றத்தை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன.

செப்டம்பர் 27

தென்மேற்கு ஆப்பிரிக்கா வழக்கு. மனம் ஆறவே இல்லை. இன்று நமீபியா என்று அறியப்படும் நிலத்தில் தென்னாப்பிரிக்கா நிறவெறிச் சட்டங்களை நடத்தியதை எதிர்த்து, 1960இல் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் வழக்குப் போட்டன. 1962இல் சர்வதேச நீதிமன்றம் 8-7 என்ற கணக்கில் வழக்கை விசாரிக்க ஒப்புக்கொண்டது. அதன் பிறகு ஒரு நீதிபதி இறந்துவிட்டார், ஒருவர் நோயுற்றார், ஸஃபருல்லா கான் அமர்வில் பங்கேற்கவில்லை. 1966இல் வாக்குகள் 7-க்கு 7. தலைவர் பெர்சி ஸ்பெண்டர் தன் இரண்டாவது வாக்கைப் போட்டார். வழக்குத் தொடுத்த நாடுகளுக்கு இதில் சட்ட உரிமையோ நலனோ நிறுவப்படவில்லை என்று சொல்லி, சாரத்துக்குள் போகாமலேயே கதவைச் சாத்தினார்கள். அத்தனை ஆண்டு வாதத்துக்குப் பிறகு!

ஜப்பானிய நீதிபதி தனாகாவின் மாறுபட்ட கருத்தை இரவு வெகுநேரம் படித்தேன். சட்டத்தின் முன் சமத்துவம் என்பதைப் பொதுக் கோட்பாடுகளின் வழியே நிறுவிக்கொண்டு போகிறார். ஒரு படியைக்கூடத் தாண்டிப் போவதில்லை. மாணவர்கள் அனைவரும் இதை முழுசாகப் படிக்க வேண்டும் என்பேன்.

1966 அக்டோபரிலேயே ஐ.நா. பொதுச் சபை தென்னாப்பிரிக்காவின் மேண்டேட்டை (அந்த நிலத்தை ஆளக் கொடுத்திருந்த சர்வதேசப் பொறுப்பை) முடித்துவைத்தது. 1971இல் அதே நீதிமன்றம், தென்னாப்பிரிக்கா அங்கே இருப்பதே சட்டவிரோதம் என்று ஆலோசனைக் கருத்து வழங்கியது. விடுதலை கிடைத்தது 1990இல்தான்.

அக்டோபர் 3

உடன்படிக்கைச் சட்ட வகுப்பு. வியன்னா உடன்படிக்கை, பொருள்கோள் விதிகள். தேர்வுக்கு வேண்டியதைக் குறித்துக்கொண்டேன்.

அக்டோபர் 11

அணு ஆயுத ஆலோசனைக் கருத்து, 1996. இங்கேயும் 7-க்கு 7, தலைவர் பெஜாவியின் வாக்கு. அணு ஆயுதப் பயன்பாடு பொதுவாகச் சட்டத்துக்கு முரணானது, ஆனால் ஒரு நாடு பிழைக்குமா என்னும் உச்ச நிலைத் தற்காப்பில் எப்படி என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம்.

எதிர்த்து வாக்களித்த ஏழு பேரும் ஒரே பக்கம் இல்லை. வீரமந்திரி, ஷஹாபுதீன், கொரோமா மூவரும் எதிர்த்ததற்குக் காரணம், தடை போதாது என்பது. மற்ற நால்வரின் காரணங்கள் வேறு. வாக்குக் கணக்கை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

அக்டோபர் 18

ஆய்வேட்டுத் தலைப்பு பற்றி வழிகாட்டியைப் பார்த்தேன். சாசனத்தின் 55ஆவது உறுப்பு, தலைவரின் இரண்டாவது வாக்கு என்றேன். "நீதிபதி இறந்ததும் நோயில் படுத்ததும் தற்செயல்மா. அதை வைத்து ஆய்வேடு எழுத முடியாது" என்றார். பிறகு அவரே, "வாக்குகள் சமமாகப் பிரிகிற இடத்தில் சட்டம் என்ன நிலையில் இருக்கிறது? அதைக் கேளுங்கள்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே யோசனை. உள்நாட்டு மேல்முறையீட்டில் நீதிபதிகள் சமமாகப் பிரிந்தால், கீழ்நீதிமன்றத் தீர்ப்பு நிற்கும் என்ற வழக்கம் பல நாடுகளில் உண்டு. இங்கே கீழே ஒன்றுமில்லை. 'சட்டம் இல்லை' என்று கைவிரிக்கும் நிலை வரக் கூடாது என்றுதான் 1920இல் சட்ட அறிஞர் குழு பொதுக் கோட்பாடுகளை மூலங்களில் சேர்த்தது. அப்படியிருந்தும் 1996இல் 'சொல்ல முடியாது' என்பதே விடையாக வந்தது, அதுவும் ஒருவரின் இரண்டாவது வாக்கால். என் கேள்வி இதுதான்: விடை தெரியாத இடத்தில் அந்த வாக்கு எதைத் தீர்த்துவைக்கிறது?

அக்டோபர் 30

அத்தியாயத் திட்டம் ஏற்கப்பட்டது. முதலில் 1966ஐ எழுதப்போகிறேன். ஸ்பெண்டர் 1962இல் எழுதிய கூட்டு மாறுபட்ட கருத்தையும் 1966 தீர்ப்பையும் பத்தி பத்தியாக ஒப்பிட வேண்டும். அன்று சிறுபான்மையின் வாதத்தில் இருந்தவற்றில் எவ்வளவு பின்னர் பெரும்பான்மையின் பெயரில் வந்தது என்று பார்க்க வேண்டும். லோட்டஸ் இரண்டாவது அத்தியாயம்.