பைத்தான் 3.5-க்குள் ஒரு 3.6 வசதியைக் கொண்டுபோனது

பெங்களூரு பீன்யாவில் ஒரு தொழிற்சாலை. அங்கே மீட்டர்களைப் படித்துச் சேமிக்கும் கணினியில் உபுண்டு 16.04 ஆபரேட்டிங் சிஸ்டம், அதோடு வரும் பைத்தான் நிரல்மொழியின் 3.5 பதிப்பு. மாற்ற வழியில்லை. மீட்டர் கார்டின் டிரைவர் 3.5-க்கென்றே கம்பைல் ஆனது, அதன் சோர்ஸ் கோடு எங்களுக்குக் கிடைக்காது. எங்கள் கோடோ 3.6-ஐ நம்பி எழுதியது. எஃப்-ஸ்ட்ரிங்குகளை (மதிப்புகளை உள்ளேயே வைத்து எழுதும் ஸ்ட்ரிங்குகள்) மாற்ற அரை நாள் போதுமாக இருந்தது. மாட்டிக்கொண்டது இனிட்-சப்கிளாஸில்.

ஒரு கிளாஸை இன்னொன்று இன்ஹெரிட் செய்த கணமே தாய் கிளாஸைக் கூப்பிட்டுச் சொல்லும் ஹுக், அதாவது பைத்தான் தானாகவே கூப்பிடும் மெத்தட், அது. 2016 டிசம்பரில் 3.6-உடன், பெப் 487 என்ற பைத்தான் மாற்ற முன்மொழிவு வழியாக வந்தது. எங்கள் மீட்டர் வகை ஒவ்வொன்றும் தன் குறியீட்டைச் சொல்லிக்கொண்டு பட்டியலில் தானாகச் சேர்வது இதை வைத்துத்தான். 3.5-இல் அதே வேலையைச் செய்ய ஒரு மெட்டாகிளாஸ், அதாவது கிளாஸ்களையே உருவாக்கும் கிளாஸ், எழுத வேண்டும். பதினைந்து வரி. மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

முதலில், கிளாஸ் வரியில் கொடுக்கும் குறியீட்டை, மெட்டாகிளாஸில் புதிய கிளாஸை உருவாக்கும் 'நியூ' வாங்கிக்கொண்டால் மட்டும் போதவில்லை; அடுத்து அதைத் தயார் செய்யும் 'இனிட்'டும் வாங்கி விழுங்க வேண்டும். இல்லையென்றால் டைப் எரர். சரி, அதையும் எழுதி ஓட்டினேன். மீட்டர் வகை மூன்று, பட்டியலில் நான்கு பெயர். டீமில் இருந்த சேலத்து அக்கா எட்டிப் பார்த்து, "தம்பி, தாய் கிளாஸ் எதுக்குப்பா லிஸ்ட்ல நிக்குது?" என்றார். புதிய கிளாஸின் ஹுக்கையே நேராகக் கூப்பிட்டிருந்தேன். அதனால் ஹுக்கை எழுதி வைத்திருந்த தாய் கிளாஸ் தன்னையும் பதிவு செய்துகொண்டது. கூப்பிட வேண்டியது அதற்கு மேலே இருப்பதை: மேல் கிளாஸின் மெத்தடை எடுத்துத் தரும் சூப்பருக்குள் அதே கிளாஸை இரண்டு முறை கொடுத்து. அப்படி மாற்றினால் எல்லா கிளாஸுக்கும் உச்சியில் இருக்கும் ஆப்ஜெக்ட்டில் 3.5-இல் அந்த ஹுக்கே கிடையாது. ஒன்றும் செய்யாத ஒன்றை அடியில் நாமே வைக்க வேண்டும்.

அப்புறம் வந்ததுதான் இரண்டு நாளைத் தின்றது. ஒரு மீட்டர் கிளாஸில் 'சூப்பர்: கிளாஸ் செல் காலி' என்று ரன்டைம் எரர். எங்கள் ஹுக், புதிய கிளாஸின் சரிபார்ப்பு மெத்தடை அங்கேயே கூப்பிடும். அந்த மெத்தடுக்குள் அடைப்புக்குள் எதுவும் கொடுக்காத சூப்பர். அந்த சூப்பருக்குத் தன் கிளாஸ் எது என்று தெரிவது ஒரு மறைவான செல் வழியாக. 3.6-இல் பைத்தானின் வழக்கமான மெட்டாகிளாஸான டைப் அந்தச் செல்லை நிரப்பிவிட்டுத்தான் ஹுக்கைக் கூப்பிடுகிறது. 3.5-இல் மெட்டாகிளாஸ் வேலை முழுக்க முடிந்த பிறகுதான் செல் நிரம்பும். ஹுக்கை 'நியூ'விலிருந்து 'இனிட்'டுக்கு நகர்த்திப் பார்த்தேன், அதே எரர். சூப்பருக்குள் கிளாஸ் பெயரை எழுதிப் பார்த்தேன். அந்தப் பெயரே இன்னும் பிறக்கவில்லை, நேம் எரர்.

மெட்டாகிளாஸுக்குள் இருந்துகொண்டு இதற்கு வழி கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. அதனால் ஹுக்கின் வேலையையே குறைத்தேன். இப்போது அது பதிவு மட்டும் செய்யும். எல்லா மாட்யூலும் இம்போர்ட் ஆன பிறகு, மெயினில் ஒரு முறை பட்டியலைச் சுற்றிச் சரிபார்ப்பு நடக்கும். குறியீடு தவறாக இருந்தால் கிளாஸ் வரியிலேயே எரர் காட்டிய வசதி போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் மீட்டரைத் தொடுவதற்கு முன்பே தவறு பிடிபடுகிறது.

கடைசியாக ஒரு காவல். ஆப்ஜெக்ட்டில் அந்த ஹுக் ஏற்கெனவே இருந்தால், நம் மெட்டாகிளாஸின் இடத்தில் வெறும் டைப்பையே வைத்துவிட வேண்டும். பதிப்பு எண்ணைப் பார்ப்பதைவிட இது நல்லது என்பது என் கருத்து. இந்தக் காவல் இல்லையென்றால் 3.6-இல் ஹுக் இரண்டு முறை ஓடும். எங்கள் லேப்டாப்பில் அப்படி ஓடி, அதே குறியீடு ஏற்கெனவே இருக்கிறது என்று டெஸ்ட் விழுந்தபோதுதான் இதைச் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை பீன்யா கணினியில் போட்டோம். மூன்று வகை, மூன்று பெயர். அக்கா ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, சேலம் பஸ்ஸைப் பிடிக்க மடிவாளாவுக்குக் கிளம்பினார்.