மாத வரம்பு எதற்கு?

இந்த மாத இணைய பில்லில் கூடுதல் கட்டணம் போட்டிருக்கிறார்கள். டேட்டா வரம்பைத் தாண்டியதே பில் வந்த பிறகுதான் தெரிந்தது. இரவு பகலாகப் படம் பார்க்கவில்லை. பழைய புகைப்படங்களையும் வீடியோக்களையும் கிளவுடில் (இணையச் சேமிப்பகத்தில்) ஏற்றினேன், அவ்வளவுதான். பதிவேற்றமும் கணக்கில் சேருமாம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேக இணைப்பு, மாதம் 1 டிபி (டெராபைட், அதாவது 1,000 ஜிபி) வரம்பு. சொன்ன வேகத்தை முழுதாகப் பயன்படுத்தினால் சுமார் 22 மணி நேரத்தில் வரம்பு தீர்ந்துவிடும். மாதத்துக்கு 720 மணி நேரம்! அப்புறம் எதற்கு அந்த வேகத்தைக் காட்டி விற்கிறார்கள்?

இணையத்தில் நெரிசலைக் குறைக்கத்தான் வரம்பு என்கின்றன நிறுவனங்கள். நெரிசல் வருவது எல்லோரும் ஒரே நேரத்தில் இணையும் மாலையில். நள்ளிரவில் நான் பதிவிறக்கும் கோப்பால் யாருக்கு இடைஞ்சல்? டேட்டாவை அளக்கும் மீட்டருக்கு மாலையும் நள்ளிரவும் ஒன்றுதான். 2020 பெருந்தொற்றின்போது அமெரிக்காவில் பல நிறுவனங்கள் இந்த வரம்பைத் தற்காலிகமாக நீக்கின. அத்தனை பேர் வீட்டிலிருந்து வேலை செய்தும் இணையம் படுத்துவிடவில்லை.

சரி, வரம்பு இருக்கட்டும். தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள், பொறுத்துக்கொள்கிறேன். முன்கூட்டி ஒரு குறுஞ்செய்திகூட அனுப்பாமல் பணம் பிடிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன். உங்கள் பில்லையும் ஒருமுறை பாருங்கள்.