மலாவியில் பிப்ரவரி

பிப்ரவரி வந்தாலே ஞாயிறு பூசைக்குக் கூட்டம் குறைந்துவிடுகிறது. பக்திக் குறைவெல்லாம் இல்லை. போன வருட மக்காச்சோளம் பல வீடுகளில் தீர்ந்துபோயிருக்கும், புதுசு ஏப்ரல் வாக்கில்தான் கைக்கு வரும். அதுவரை கிடைத்த கூலி வேலைக்கு ஓடுகிறார்கள். பசித்த வயிற்றுக்கு முன்னால் ஞானோபதேசம் பேச எனக்கு வாய் வருவதில்லை.

நேற்று உபதேசியார் வீட்டில் சாப்பாடு. சின்னப் பெண் முட்டிபோட்டுக் குவளையால் தண்ணீர் ஊற்ற, கை கழுவினோம். ஆவி பறக்கும் ந்சிமா. நம்ம ஊர் களி மாதிரி, ஆனால் வெள்ளை. விரலால் உருட்டி, கட்டைவிரலால் குழித்து, உசிபா குழம்பில் தொட வேண்டும். மலாவி ஏரியில் பிடித்துக் காயவைத்த பொடிமீன் அது. கொஞ்சம் புளி மட்டும் இருந்திருந்தால்! "பாம்போ (ஃபாதர்), இன்னும் ஒரு கட்டி" என்று அந்த அம்மா வைத்துக்கொண்டே இருந்தார்.

சரி, கரண்ட் இல்லை. சோலார் விளக்கு அணைவதற்குள் இந்த ஊர் மொழியான சிசேவாவில் பிரசங்கம் எழுதணும்.