பாசிக்குள் ஓர் ஆர்க்கிட் கணக்கு

அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவின் எல் யுங்கே மலைக்காட்டில், ஏறத்தாழ 750 மீட்டருக்கு மேல், மரத்தண்டுகளின் பாசியில் வளர்கிறது லெபாந்தஸ் எல்டோரோயென்சிஸ் என்னும் ஆர்க்கிட். செடியின் உயரம் சுமார் 4 செ.மீ. செந்நிறப் பூவோ சில மில்லிமீட்டர்தான். கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு மழையும் வழுக்கலும் சீக்கிரம் பழகிவிடும். கண் பழகத்தான் நாளாகும்.

மரத்தண்டை ஒரு சாண் அகலப் பட்டைகளாக மனதில் பிரித்துக்கொண்டு, மேலிருந்து கீழாகப் பார்த்து வரவேண்டும். பாசியை விரலால் கிளறவே கூடாது. வேர் அதற்குள்தான் ஓடுகிறது. பாசி பெயர்ந்தால் நாற்றும் கூடவே வந்துவிடும்.

செடியை உயரத்தை வைத்து வகைப்படுத்துவதில்லை, உறையை வைத்துத்தான். வளர்ந்த தண்டைச் சுற்றி ஊதுகுழல் வாய்போல விரிந்த சிறு உறைகள் அடுக்கடுக்காக இருக்கும். ஓர் இலைத்தண்டிலும் உறை இல்லையென்றால் நாற்று. ஒன்றிலாவது இருந்து, இதுவரை பூத்த அடையாளம் இல்லையென்றால் இளஞ்செடி. பூங்காம்பு பச்சையாக இருந்தால் பூக்கும் செடி. முன்பு பூத்து, இப்போது காய்ந்த காம்பு மட்டுமே மிஞ்சிய செடி நான்காவது வகை. தவறு நடப்பது இங்கேதான்: காய்ந்த காம்பு முடிபோல மெல்லியது, இலையின் மேல் ஒட்டிக் கிடக்கும். கைலென்ஸ் இல்லாமல் பார்த்தால் நான்காவது வகைச் செடி இளஞ்செடியாகப் பதிவாகிவிடும்.

எண் தகட்டைச் செடியில் கட்டாமல் மரத்தில் பொருத்துவது நல்லது, எல்லாச் செடிக்கும் ஒரே பக்கமாக. அடுத்த முறை போவதற்குள் தகட்டையே பாசி மூடிவிடலாம். அதனால் பக்கத்துத் தகட்டிலிருந்து எத்தனை செ.மீ. என்பதையும் குறித்து வைக்கவேண்டும். அலுப்பான வேலைதான்; ஆனால் அதை விட்டால் பழைய செடியே புதுச்செடியாகப் பதிவாகிவிடும்.

சூறாவளியில் மரம் சாய்ந்தால் வெயில் நேராக விழுந்து பாசி காயும். நீரைச் சேமிக்கும் கிழங்குத் தண்டு இந்தச் செடிக்குக் கிடையாது. 1998-இல் வந்த ஜார்ஜஸ் சூறாவளிக்குப் பின், ஆறு மாதத்துக்குள் நிற்கும் மரங்களுக்கு மாற்றப்பட்ட செடிகள் பெருகின. விழுந்த மரத்திலேயே விடப்பட்டவை குறைந்தன. மாற்றும்போது வேரைப் பிரிக்காமல், பாசியோடும் பட்டையோடும் சேர்த்தெடுப்பதே பாதுகாப்பு.

1991-இல் அமெரிக்க அரசின் அழியும் இனப் பட்டியலில் சேர்த்தபோது தெரிந்தவை சுமார் 140 செடிகள். 2021-இல் பட்டியலிலிருந்து நீக்கியபோது மதிப்பீடு ஏறத்தாழ 3,000. அவ்வளவும் பெருக்கம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இடைப்பட்ட ஆண்டுகளில், தேடிப் பார்த்த மரங்களும் கூடியிருந்தன.