மில்வியோ பாலமும் பத்தில் ஒரு தலையும்

ரோமில் பியாஸ்ஸா டெல் போபோலோவில் இருந்து வடக்கே வியா ஃபிளமினியா கோடு போட்டாற்போல் நேராகப் போகிறது. ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நடந்தால் டைபர் ஆற்றின் மேல் போன்டே மில்வியோ. கால் வலித்தால் ஃபிளமினியோவில் 2ஆம் எண் ட்ராம் பிடித்து, கடைசி நிறுத்தத்தில் இறங்கலாம். கி.மு. 109இல் எழுந்த கல்பாலம் இது. 1849இல் இத்தாலியப் புரட்சித் தலைவர் கரிபால்டியின் ஆட்கள் ஒரு பகுதியைத் தகர்த்ததால் எல்லாக் கல்லும் பழசு என்று நம்பிவிட வேண்டாம்.

கி.பி. 312இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் இங்கே ஜெயித்த கதையை எந்த வழிகாட்டியும் சொல்வார். கி.பி. 68 அதைவிடக் கொடூரம். கப்பல் துடுப்பு வலித்தவர்களை பேரரசன் நீரோ லெஜியன் என்ற தரைப்படைப் பிரிவின் வீரர்களாக்கியிருந்தான். நீரோ செத்ததும், ரோமுக்கு வந்துகொண்டிருந்த புதுப் பேரரசர் கால்பாவை அவர்கள் இங்கே மறித்து, எங்களுக்கு லெஜியனின் அடையாளமான கழுகுக் கொடி வேண்டும் என்று கேட்டார்கள். கால்பா குதிரைப்படையை ஏவினார். அதோடு விடவில்லை, மிஞ்சியவர்களில் பத்துக்கு ஒருவரைக் கொல்லச் சொன்னார்.

இந்தத் தண்டனைக்கு முறை இருந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் பாலிபியஸ் விவரமாக எழுதியிருக்கிறார். படையைக் கூட்டி, களத்தை விட்டு ஓடியவர்களை டிரிபியூன் என்ற படை அதிகாரி முன்னே நிறுத்தி ஏசுவார். பிறகு சீட்டு. ஐந்து பேர், எட்டுப் பேர், சில சமயம் இருபது பேர். கணக்கு, குற்றம் செய்தவர்களில் பத்தில் ஒன்று. மொத்தப் படையில் பத்தில் ஒன்று என்று பலர் தப்பாகச் சொல்கிறார்கள். சீட்டு விழுந்தவர்களைத் தடியால் அடித்தே கொல்வார்கள். தப்பியவர்களுக்குக் கோதுமை கிடையாது, பார்லிதான். காலாள் ஒருவருக்கு மாதம் சுமார் 35 லிட்டர் கோதுமை ரேஷன். பார்லியோ குதிரைத் தீனி. கூடாரமும் அரணுக்கு வெளியே, எதிரி வந்தால் முதல் வெட்டு அவர்களுக்குத்தான்.

சீட்டு ஆளைப் பார்த்து விழாது, முழுப் பிரிவையே குற்றவாளியாக்கினால் நின்று போரிட்டவனும் சாவான். ஆனாலும் போர்க்களத்தில் இது சில சமயம் பலித்தது. கி.மு. 72-71 வாக்கில், அடிமைகள் கலகத்தின் தலைவன் ஸ்பார்டகஸிடம் தோற்று, முதலில் ஓடிய 500 பேரை ரோமத் தளபதி கிராசுஸ் ஐம்பது பத்துகளாகப் பிரித்து, பத்துக்கு ஒருவரைக் கொன்றார். 71இல் போரையும் முடித்தார். கி.பி. 20இல் ஆப்பிரிக்காவில் ரோம ஆளுநர் அப்ரோனியுஸ் கோஹார்ட் என்ற படைப்பிரிவு ஒன்றை இப்படித் தண்டித்த பிறகு, தாலா கோட்டையில் 500 பழைய வீரர்கள் கலகத் தலைவன் டக்ஃபரினாஸின் படையை விரட்டினார்கள்.

கால்பாவுக்கு இது பலிக்கவில்லை, பலிக்க வழியும் இல்லை. இவர்கள் களத்தை விட்டு ஓடியவர்கள் அல்ல, மனு கொடுக்க வந்தவர்கள். ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் ஆயுதமில்லாதவர்கள் என்றே எழுதுகிறார். மிஞ்சியவர்கள் ரோமிலேயே பொருமிக்கொண்டு கிடந்தார்கள். சில மாதங்களில், 69 ஜனவரி 15 அன்று, கால்பாவுக்கு எதிராக ஓதோ கலகம் செய்ததும் தயங்காமல் அவன் பக்கம் சாய்ந்தார்கள்.

அந்தக் கலகத்தில் கால்பா செத்த இடத்தையும் பார்க்க வேண்டுமென்றால் ட்ராமில் திரும்பி, ரோமன் ஃபோரத்துக்கு டிக்கெட் எடுங்கள். உள்ளே லாக்குஸ் கர்டியுஸ் என்றொரு தாழ்ந்த கல்பரப்பு, பலர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். பல்லக்கில் இருந்து கால்பா உருண்டு விழுந்தது அதன் பக்கத்தில்தான். தலையை வெட்டி எடுத்துப் போனார்கள்.